இரண்டடுப்பு வீடு

அந்த இடத்தில் கறுப்பாக ஒன்றும் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் பவுனு பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சிவப்பாகவே இரு சாமி, எங்கள் கடலையும் ராகியும் விளைந்த மண்தானே நீ, இன்னும் ஒரு முழத்துக்குச் சிவப்பாகவே இருந்துவிட்டுப் போயேன், உனக்கென்ன குறைந்துவிடும். வெயில் இன்னும் ஏறவில்லை. மேலே கட்டியிருந்த பச்சை வலையின் நிழல் கட்டம் கட்டமாக அவள் முழங்கையில் விழுந்து ஆடியது. குழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டால் உலகம் கால்களாக மட்டும் மாறிவிடுகிறது. ரெஜினா மேடத்தின் சேறு காய்ந்த ஷூ, கூடை தூக்குகிறவர்களின் வெறுங்கால், வரப்பில் நின்று பீடி குடிக்கிற மாதேஷின் செருப்பு. அவள் புருசன்தான். அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கோபம் வரும், கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்த மனுசன் மட்டும் அன்றைக்கு அந்தக் கல்லைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்திருந்தால் இந்நேரம் இந்த இடத்தில் கதவு ஜன்னல் எல்லாம் நின்றிருக்கும். இது அவர்கள் நிலம். பாறைக்கொட்டாய் ஊரின் கடைசி நிலம். இங்கேதான் அவளுக்கென்று தனியாக ஒரு வீடு கட்ட முளையடித்துக் கயிறு கட்டி, பூசை போட்டு, பொக்லைனைக் கூப்பிட்டார்கள். பொக்லைனின் கை இரண்டாவது தடவை இறங்கி ஏறியபோது மண் சாம்பல் நிறத்தில் வந்தது. அதிலிருந்து வழவழவென்று கறுப்பாக ஒரு கல் உருண்டு வந்து மாதேஷின் காலடியில் நின்றது. கல்லாலேயே செய்த கோடாலி. லுங்கியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். டீக்கடைக்குக் கொண்டுபோனார். யாரோ செல்லில் படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு ஜீப்பில் ஏறித் திரும்பி வந்தது. ஜீப்பில் தொல்லியல் துறையின் ரெஜினா மேடம்.

நல்ல பெண்தான், குறை சொல்வதற்கில்லை. நாகர்கோவில்காரி. பேசினால் பாதி புரியும், மீதியைக் கையால் காட்டிவிடும். நிலத்துக்காரர் வீட்டிலிருந்தே ஆள் வேண்டும் என்று சொல்லி, பவுனையும் அவள் ஓரகத்தி காவேரியையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. வந்த புதிதில் எல்லாரையும் குழியைச் சுற்றி உட்கார வைத்து அது சொல்லிக்கொடுத்ததைப் பவுனு மறக்கவே இல்லை. "கம்பு நட்டு வீடு கட்டுவாங்க. வீடு போயிரும், கம்பு உளுத்து மண்ணாப் போயிரும். ஆனா கம்பு நின்ன குழி போகாது அக்கா. அதுக்குள்ள விழுந்த மண்ணு வேற நிறத்துல அப்படியே கிடக்கும். சுத்தி செவப்பு, நடுவுல கறுப்பா ஒரு வட்டம். தண்ணி தெளிச்சா முகம் காட்டும்." முகம் காட்டும் என்று சொன்னது பவுனுக்குப் பிடித்துப்போனது. நாலாயிரம் வருசத்துக்கு முன்னால் இங்கே மாடு வைத்துக்கொண்டு, கொள்ளும் சாமையும் விதைத்துக்கொண்டு இருந்தவர்களாம். இரும்பையே பார்க்காதவர்கள். நாலாயிரம் வருசம் என்றால் எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கல்யாணமாகி வந்தது முதல் காவேரியோடு ஒரே அடுப்படியில் நின்றதைப் போல இன்னும் பல மடங்கு என்று வைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தால் ஓரளவுக்குப் புரிந்தது, மலைப்பாகவும் இருந்தது.

விசயம் என்னவென்றால், இந்தப் பக்கத்தில் இதுவரைக்கும் கிடைத்ததெல்லாம் சின்ன வட்டக் குடிசைகள்தானாம். ஒரு ஆணும் பெண்ணும் ரெண்டு பிள்ளைகளும் படுத்தால் நிறைந்துவிடுகிற அளவு. இங்கேயோ குழியின் மேற்குக் கோடியில் ஒரு வரிசை கறுப்பு வட்டம், கிழக்குக் கோடியில் ஒரு வரிசை. நடுவில் இன்னும் சுரண்டாத மண். ரெஜினாவுக்கு இது முழுக்க ஒரே வீடு என்று நினைப்பு. பேருந்து நிற்கிற கொட்டகை மாதிரி நீளமான ஒரே வீடு, பல குடும்பம் சேர்ந்து இருந்த வீடு. அதற்கு மேலதிகாரியான பெரிய சார் நம்பவில்லை. ஒன்றுக்கொன்று தள்ளி நின்ற ரெண்டு குடிசை, இதற்குப் போய் இவ்வளவு கூத்தா என்று போனிலேயே சொல்லிவிட்டார். பேச்சு குழி வரைக்கும் கேட்டது. இன்றைக்கு மத்தியானம் நேரில் வருகிறார். நடுவில் வட்டம் இருந்தால் ஒரே வீடு. அப்படியானால் நிலம் முழுக்கத் தோண்ட வேண்டும், பவுனின் வீடு இங்கே கிடையாது. இல்லாவிட்டால் ரெண்டு குடிசை. குழியை மூடி நிலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நடுவைத்தான் மேற்கிலிருந்து பவுனும் கிழக்கிலிருந்து காவேரியுமாகச் சுரண்டிக்கொண்டு வருகிறார்கள். ரெண்டு பேரும் பேசி மாசக்கணக்காகிறது என்பது ரெஜினாவுக்குத் தெரியாது, பாவம். தெரிந்திருந்தால் ஒருத்தியை வடக்கே போட்டிருக்கும்.

தனி வீடு என்றால் அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாடி வேண்டாம், டைல்ஸ் வேண்டாம். அடுப்படி அலமாரி அவள் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்போதிருக்கிற வீட்டில் அலமாரி எல்லாம் காவேரியின் உயரத்துக்குக் கட்டினது. காவேரி அவள் புருசன் சென்னப்பனைவிடவே நெட்டை. கை நீட்டினால் மிளகாய்த்தூள் டப்பா தானாக வந்து உட்காரும். பவுனு குள்ளம். உப்புக்கும் புளிக்கும் முக்காலி போட்டு ஏற வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் முக்காலி சாய்ந்து கடுகு டப்பாவோடு விழுந்தாள். காவேரி தூக்கிவிட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பவுனும் சிரித்தாள், வீடு பூராவும் கடுகு. அது நன்றாகத்தானே இருந்தது. அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துணி துவைக்கிற கல்லில் கொஞ்சம், கொடிக்கயிற்றில் கொஞ்சம் என்று சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் பவுனின் துவரங்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே காவேரி வந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பாலை ஏற்றினாள். அடுப்பு என்ன உங்கம்மா வீட்டுச் சீதனமா என்று பவுனு கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. காவேரி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "எரியற அடுப்புல வந்து ஒட்டிக்கினவதான நீ." ஒட்டிக்கினவ. பிசின் மாதிரி, உண்ணி மாதிரி. அந்த வார்த்தை இன்னும் இறங்கவில்லை, தொண்டையில் மீன் முள் போல நிற்கிறது. எதை நினைத்தாலும் அங்கே வந்து மாட்டுகிறது. சோறு வடிக்கும்போது ஒட்டிக்கினவ. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது ஒட்டிக்கினவ. பிறகு ரெண்டு பேரும் பாத்திரங்களை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். ணங் என்று வைத்தால் கோபம், மெல்ல வைத்தால் இன்னும் கோபம். இதோ இப்போதும் அந்தப் பக்கம் காவேரியின் வளையல் சத்தம் கேட்கிறது. ஒழுங்காகச் சுரண்டுகிறாள். எதிலும் குறை வைக்க மாட்டாள், அதுதான் அவளிடம் இருக்கிற எரிச்சலே.

தண்ணீர் தெளித்தாள். பூவாளித் தூறல் மண்ணில் விழுந்ததும் வாசனை எழுந்தது, முதல் மழை வாசனை. என்னதான் கவலையாக இருந்தாலும் அந்த வாசனைக்கு மனசு கொஞ்சம் துள்ளத்தான் செய்கிறது. மண் குடித்தது. சிவப்பு இன்னும் சிவப்பானது. அதற்கு நடுவில், அவள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து ஊதிவிட்டது மாதிரி, ஒரு கறுப்பு வட்டம் முகம் காட்டியது. சாப்பாட்டுத் தட்டு அகலம். அச்சு வார்த்த வட்டம். சேலைத் தலைப்பை இழுத்து அதன் மேல் போட்டாள். போட்டுவிட்டு, எதற்குப் போட்டோம் என்று தானே திகைத்தாள். யாரும் பார்க்கவில்லை. ரெஜினா மேட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது. கரண்டி கையிலேயே இருக்கிறது. கொத்தனார் பூச்சுவேலைக்கு வைத்திருக்கிற அதே கரண்டி. ரெண்டு இழுப்பு போதும். கறுப்பு மண் எவ்வளவு ஆழம் போகும், ஒரு சாண், அதைக் கிளறிச் சிவப்போடு கலந்துவிட்டால் கூடையில் அள்ளிப் போய்க் கொட்டிவிடுவார்கள், அப்புறம் அந்தக் கடவுளே வந்து தண்ணீர் தெளித்தாலும் தெரியாது. நாலாயிரம் வருசத்துக்கு முன்னால் போனவன் வந்து கேட்கப் போகிறானா, என் தூண் எங்கே என்று. ஜன்னல் கிழக்கே பார்த்து. அலமாரி கைக்கு எட்டுகிற உயரம். மகள் படிக்க ஒரு மேசை. ரெண்டு இழுப்பு. தலைப்பை ஒதுக்கினாள், கரண்டி முனை மண்ணைத் தொட்டது. கைதான் போகவில்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று கறுப்பின் மேல் சொட்டியது. சொட்டின இடம் இன்னும் கறுத்தது. சரி, கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம், முதலில் பக்கத்து மண்ணைத் தள்ளுவோம், அப்புறம் பார்க்கலாம், ஓடியா போகப் போகிறது என்று தலைப்பால் மறுபடியும் மூடிவிட்டுப் பிரஷ்ஷை இடது பக்கம் திருப்பினாள். பயம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. வேலை செய்யும். காய்ச்சலில் கிடந்த மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டிலிருந்த பூண்டையெல்லாம் உரித்து வைத்தவள் அவள்.

அந்தப் பக்கத்தில் மண் இறுகிச் செங்கல் நிறத்தில் வந்தது. வளைவாக, லாடம் போல. பிரஷ் போகப் போக லாடத்தின் ரெண்டு கையும் நீண்டன. உள்ளே சாம்பல். இது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பு. வாயை இந்தப் பக்கம் வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, நன்றாகத்தான் போட்டிருக்கிறாள், எவளோ. சாம்பலுக்கு அடியில் உடைந்த சட்டியின் அடிப்பாகம், அதில் கரியாகப் போன கொள்ளு, ஒட்டிக்கொண்டு. அடுப்பில் வைத்துவிட்டு எங்கே போனாளோ. பவுனு உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் தள்ளினாள். ஒரு கை அகலத்துக்கு அப்பால் இன்னொரு லாடம். இன்னொரு அடுப்பு. இவ்வளவு பெரிய வீடு, ஊரே படுக்கலாம், அதில் ரெண்டு அடுப்பு மட்டும் இடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில். அப்புறம்தான் அதைப் பார்த்தாள். ரெண்டு அடுப்புக்கும் நடுவில் களிமண்ணை உருட்டி, வரப்பு மாதிரி, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு குட்டிச்சுவர். முதலில் போட்டதில்லை, அப்புறமாகப் போட்டது. முதல் அடுப்பின் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆத்திரத்தில் அப்பினது. தேய்த்து மழமழப்பாக்கக்கூட இல்லை. உன் தீ இந்தப் பக்கம் வரக் கூடாது, உன் சாம்பல் இந்தப் பக்கம் பறக்கக் கூடாது. அதற்காக வீட்டை விட்டும் போகவில்லை. ஒரு சாண் சுவரைக் கட்டிவிட்டு, அதே கூரைக்குள், முழங்கை முட்ட, மறுநாளும் வந்து உட்கார்ந்து ஊதியிருக்கிறாள். கொள்ளைத் தீயவிட்டவள் எவள், சுவர் வைத்தவள் எவள். எவளுடைய சட்டியை எவள் இறக்கி வைத்தாளோ. பவுனுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கிப் பார்த்தாள். மூக்கு வழியாக வந்தது. அப்புறம் வாய் வழியாகவும் வந்துவிட்டது. குழிக்குள் ஒற்றையாக உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இன்னாடி சிரிக்கிற?"

காவேரி. பிரஷ்ஷோடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கேட்ட பிறகுதான், பேசிவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்த மாதிரி முகம் போனது. பவுனு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கையால்தான் காட்டினாள். காவேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, குனிந்து, ஒரு அடுப்பைப் பார்த்து, இன்னொன்றைப் பார்த்து, நடுவில் இருந்ததைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "அடிப்பாவிங்களா," என்றாள் மெதுவாக. அப்புறம் அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில் மேலே கூடைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரிப்பு வடிந்தபோது காவேரியின் கண் பவுனின் முழங்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சேலைத் தலைப்பு விலகிக் கறுப்பு வட்டம் பளிச்சென்று கிடந்தது. காவேரிக்கும் தெரியும், அது என்ன என்று. அது தெரிந்தால் பவுனுக்கு என்ன போகும் என்றும் தெரியும். கரண்டி முனை பட்ட கீறலையும் பார்த்திருப்பாள். மேலே ஒரு மைனா கத்திக்கொண்டே இருந்தது.

"இது தெரிஞ்சா உன் வூடு போச்சு இல்ல?" என்றாள் காவேரி.

"போச்சுதான்."

"நான் ஒண்ணும் பாக்கல." காவேரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கு அந்தப் பக்கம் வேலை கெடக்குது. நீ இன்னா பண்றியோ பண்ணிக்கோ."

அப்படியே போயும் விட்டாள். பவுனு அவள் முதுகைப் பார்த்தாள். ஒட்டிக்கினவ என்று சொன்னவள். இப்போது நாலாயிரம் வருசத்துச் சங்கதி ஒன்றை இவளுக்காக முழுங்கிவிட்டுப் போகிறாள், ஊறுகாய் பரிமாறுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. அந்த முள் தொண்டையில் இருக்கிறதா என்று பவுனு விழுங்கிப் பார்த்தாள். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குனிந்து மறுபடியும் அந்தக் குட்டிச்சுவரைப் பார்த்தாள். இத்தனை பேர் ஒரே கூரைக்கடியில் சமைத்து, தீயவிட்டு, சண்டை பிடித்து, சுவர் வைத்து, அப்புறமும் பிரிந்து போகாமல் இருந்த வீடு. அதைப் போய் ரெண்டு தனிக் குடிசை என்று எழுதிக்கொண்டு போவதாவது. இவர்கள் பாடு யாருக்குத் தெரியும், நமக்குத் தெரிகிறதே. அலமாரி எங்கே கட்டினாலும் எட்டுகிற உயரத்தில் கட்டலாம். அவள் எழுந்து நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது.

"மேடம்! ஓடியாங்க! நடுவுல இருக்குது!"

ரெஜினா ஓடி வந்தது ஓட்டமே இல்லை, பறத்தல். குழிக்குள் குதித்து, மண்டியிட்டு, வட்டத்தையும் அடுப்பையும் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. "அக்கா, இது ஒரே வீடுதான்க்கா, ஒரே வீடு," என்று பவுனைக் கட்டிப் பிடித்ததில் தொப்பி கழன்று சாம்பலில் விழுந்தது. அப்புறம் சட்டென்று விலகி, முகம் சுருங்கி, "உங்க வீடு..." என்று இழுத்தது. பவுனு கையை உதறினாள். அதற்குள் மாதேஷும் குழி ஓரத்துக்கு வந்துவிட்டார். "எங்கதான் கட்றது அப்ப?" என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். பவுனு பதில் யோசிக்கும் முன்னால் கிழக்குக் கோடியிலிருந்து சத்தம் வந்தது. "எங்க பங்குல பாறை மேடு சும்மாதான கெடக்குது. அங்க கட்டிக்கச் சொல்லுங்க. இதுக்குப் பதிலா உங்க பங்குல நாங்க கெணத்தடியில எடுத்துக்கறோம்." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காவேரி தலை நிமிராமல் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னாத்துக்குப் பாக்கறீங்க? இவ போனாத்தான எனக்கு அடுப்படி முழுசாக் கெடைக்கும். எனக்கும் ஆசை இருக்காதா?" சென்னப்பனைக் கேட்க வேண்டாமா என்று மாதேஷ் தொடங்கியதற்கு, "அவரு இன்னா சொல்லுவாரு, நான் சொன்னதத்தான் சொல்லுவாரு," என்று முடித்துவிட்டாள். பவுனுக்குப் பாறை மேட்டில் காற்று நன்றாக அடிக்கும் என்று நினைவு வந்தது. அங்கேயிருந்து இந்த நிலம் முழுக்கத் தெரியும். காவேரி வீட்டுப் புகையும் தெரியும்.

மத்தியானத்துக்குள் நடுவிலிருந்த வட்டங்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டிவிட்டன. பெரிய சார் வருகிறார் என்று போன் வந்ததும் ரெஜினாவுக்குக் கை கால் ஓடவில்லை. "வெறும் கறுப்பு வட்டத்தைக் காட்டினா மறுபடியும் குடிசைம்பாரு, எனக்குத் தெரியும்," என்று குழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் ஒரு இடத்தில் நின்றது, கண் பளிச்சென்றது. "எல்லாரும் இறங்குங்க! ஆளுக்கொரு வட்டம். தூண் மாதிரி நில்லுங்க!" முதலில் கூடைக்காரர்கள் வெட்கப்பட்டார்கள். மாதேஷ் பீடியை அணைத்துவிட்டுப் போய் ஒன்றில் நின்றார். கடலை பிடுங்க வந்த பெண்கள் நின்றார்கள். வட்டம் தீரவில்லை, ஆள் தீர்ந்துவிட்டது. ரோட்டுக்கு ஓடி ஆட்டுக்காரரையும், பால் வண்டிக்காரரையும், பேருந்துக்கு நின்றவர்களையும் கூட்டி வந்தார்கள். பேருந்து வந்தபோது டிரைவரும் இறங்கி வந்து என்ன விசேசம் என்று கேட்டுவிட்டு ஒரு வட்டத்தில் ஏறிக்கொண்டார். சென்னப்பன் வயலிலிருந்து வந்து, எதற்கு என்றே கேட்காமல், காவேரி கைகாட்டின இடத்தில் நின்றார். பவுனு தெற்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அடுத்தது காவேரி. இருவருக்கும் நடுவில் மட்டும் வழக்கத்தைவிட அகலமாக இடம் விட்டிருந்தது. அதுதான் வாசல் என்று ரெஜினா சொல்லியிருந்தது, மிதித்து மிதித்துத் தரை அங்கே இறுகிப்போயிருக்கிறது என்று. பவுனு திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கோடியில் நிற்கிறவர் யாரென்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு நீளம். சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் ஆட்கள். ஆனாலும் வீடு எழுந்து நின்றது. உள்ளே என்று ஒன்றும் வெளியே என்று ஒன்றும் உண்டாகிவிட்டது. ஒரு கோழி வீட்டுக்குள் போனது, எல்லாரும் சூ சூ என்று விரட்டினார்கள்.

ஜீப் வந்து நின்றது. பெரிய சார் இறங்கினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். வெயிலில் ஆடாமல் அசையாமல் நிற்கிற கூட்டத்தைக் கண்ணால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அளந்துகொண்டே போனார். போன கண் வெகு நேரம் திரும்பவில்லை. "ரெஜினா, என்னம்மா இது?" என்றார். அவர் குழியின் ஓரத்திலேயே, எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் தயங்கினார். பவுனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மனுசரை வெயிலில் நிறுத்துவதா.

"அங்கியே நிக்கறீங்களே சார்," என்று கூப்பிட்டாள். "உள்ள வாங்க. வாசல் இந்தப் பக்கம்."